துரைமாரின் நாட்டைப் பற்றி எமது பிள்ளைகள் பேசினார்கள்

சனிக்கிழமை காலை ஏழரை மணியளவில் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால், கொப்பிகளை மார்போடு அணைத்தபடி இறங்கும் தோட்டத்து இளைஞர் யுவதிகளைக் காணலாம். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, றங்கலை என்று திசைக்கொன்றாக வருகிறார்கள். ஹந்தானையில் இருந்து வருபவர்கள் பஸ்ஸுக்குக் காசு செலவழிக்காமல் நடந்தே இறங்கிவிடுகிறார்கள். இவர்களுள் ஒரு பகுதியினர் எமது நிலையத்தில் நடைபெறும் ஆங்கில வகுப்புக்கு வருபவர்கள். க.பொ.த. சாதாரண தரம் எழுதியவர்கள், எழுதித் தவறியவர்கள், உயர்தரம் முடித்து வீட்டில் இருப்பவர்கள் என எல்லோரும் உண்டு. ஹோட்டலில் வேலை, வங்கியில் வேலை, கட்டாரில் வேலை என்பதே அவர்களது கனவு. இதில் குறை காண எமக்கு உரிமை இல்லை. சிங்களத்தில் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பார்கள், அதாவது வாள். வாள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு மற்றவர் ஒதுங்கி வழிவிடுவது இந்நாட்டின் வழக்கம். வாளேந்தியவனுக்கு வழிவிட்டே பழகிய சமூகத்தின் பிள்ளைகள் தாமும் ஒன்றைப் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

வகுப்பின் இறுதிப் பயிற்சியாக, நாலைந்து பேர் கொண்ட குழு ஒவ்வொன்றும் பத்து நிமிடம் மேடையில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பாடநூல் தந்த தலைப்பு, பிரித்தானிய, அமெரிக்கக் கலாசாரம். பெற்றோரையும் அழைத்திருந்தோம்.

முதல் சுற்று எப்படியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். கையடக்கத் தொலைபேசியில் இருந்து இறக்கிய படங்கள். லண்டன் மணிக்கூடு, அரச குடும்பம், பனி, வான்கோழி, பூசணிக்காயில் வெட்டிய பேய் முகம், சுதந்திர தேவி சிலை, ஹொலிவூட். இரவல் டை கட்டிய பையன்கள் இங்கிலாந்தில் நான்கு பருவங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. பிழையாக எதையும் சொல்லவில்லை. ஆனால் சொன்னவர்களுக்கும் சொல்லப்பட்டதற்கும் எந்த உறவும் இல்லை. சந்திர மண்டலத்தைப் பற்றியும் இதேபோலப் பேசியிருப்பார்கள்.

பார்வையாளர் வரிசையில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். ஸ்கொட்லாந்தின் பாவாடை உடையைப் பற்றியும் ஊதுகுழலைப் பற்றியும் பேசிய குழுவைப் பார்த்து அவர் கேட்டார்: “அந்த ஸ்கொட்லாந்துலதானே தம்பி நம்ம பெரிய தொரைமாரெல்லாம் பொறந்தாங்க? அதப்பத்தி ஒண்ணுஞ் சொல்லலியே?” குழுவிடம் பதில் இல்லை. ஆசிரியையும் நாமும் கலந்து பேசி, இரண்டாவது சுற்று ஒன்றை வைப்பதெனத் தீர்மானித்தோம். தலைப்பு அதே தலைப்புத்தான். ஆனால் ஒரு நிபந்தனை: நீங்கள் பேசும் பொருள், உங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தூரத்துக்குள் கையால் தொட்டோ காதால் கேட்டோ அறியக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முணுமுணுப்பு எழுந்தது. “கண்டியில ஏது பாதர் அமெரிக்கா?” என்றாள் ஒரு மாணவி. நியாயமான கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

றொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமியின் கதையை முதலில் அவர்களுக்குச் சொன்னோம். 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்தவர். உடுநுவரையில் எலதெத்த என்ற கிராமத்தில் வீடு வைத்து, தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்தார். 1679 இல் தப்பி, 1681 இல் லண்டனில் தமது நூலை வெளியிட்டார். இங்குள்ளோர் எப்படி உண்கிறார்கள், உழுகிறார்கள், மணமுடிக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினார். அதாவது எம்மைப் பற்றி அவர்கள் நடத்திய முதல் பெரிய சமர்ப்பணம் அது. அவர் நூலகத்தில் பார்த்து எழுதவில்லை, இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்து எழுதினார். அவரது நாட்டவர் எம் பக்கத்து வீட்டில், சரியாகச் சொன்னால் மேட்டு பங்களாவில், நூற்றைம்பது வருடம் இருந்தார்கள். எமக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா?

லயமும் பெரட்டும்

முதலில் எழுந்த குழு சொற்களைக் கொண்டுவந்தது. வீட்டில் பாட்டிமாரிடம் பேசிப் பேசி ஒரு பட்டியல் எழுதியிருந்தார்கள். காலையில் தொழிலாளர் வரிசையாக நிற்கும் இடம் பெரட்டுக்களம். ‘பெரட்டு’ என்பது பரேட். படையினரின் சொல், மலைக்குத் தொழிலாளரோடு வந்துவிட்டது. செக்ரோல், இஸ்டோர், டீமேக்கர், கொந்தரப்பு. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்து வந்து, எம் நாவில் தேய்ந்து, எம்முடையதாகிவிட்டவை. பிள்ளை மடுவத்தைக் குறிக்கும் ‘பிள்ளைக் காம்பரா’வில் உள்ள காம்பரா, ஆங்கிலேயருக்கும் முந்தி வந்த போர்த்துக்கேயரின் சொல் என்று ஆசிரியை விளக்கினார்.

‘லயம்’ என்ற சொல்லில்தான் சர்ச்சை வந்தது. ‘லைன்’ என்பதே லயமாயிற்று என்றாள் ஒருத்தி. இல்லை, குதிரை கட்டும் லாயம்தான் லயமாயிற்று என்று தன் தாத்தா சொன்னதாக இன்னொருவன் வாதாடினான். மொழியியலின்படி பெண் சொன்னதே சரி என்று எமக்குப் படுகிறது. ஆனாலும் அந்தத் தாத்தா, பத்தடி அறையில் மூன்று தலைமுறையாகப் படுத்து எழும்பியவர், ஏன் குதிரை லாயத்தை நினைத்தார் என்பதை மொழியியல் சொல்லாது.

இந்தக் குழு மற்றொன்றையும் சுட்டிக்காட்டியது. ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்கிறோம், பாதி நாளுக்கு ‘அரைப்பேர்’. “மற்ற ஊர்ல பேர்னா ஆளோட பேரு. எங்க அம்மாவுக்கு மாசத்துக்கு இருபது பேர், சில நாள் அரைப்பேர்” என்று அந்தப் பெண் தமிழில் சொல்லிவிட்டு, அதை ஆங்கிலத்தில் சொல்ல முடியாமல் தடுமாறினாள். ஆசிரியை உதவிக்குப் போகவில்லை. சிறிது நேரம் கழித்து, இரண்டு நீண்ட வாக்கியங்களில் அவளே சொல்லி முடித்தாள். முதல் சுற்றில் மனனம் செய்து ஒப்புவித்த அத்தனை ஆங்கிலத்தையும் விட அந்த இரண்டு வாக்கியங்களில் கூடுதல் ஆங்கிலம் இருந்தது.

மலைகளின் பெயர்களைப் பற்றி ஒரு குழு பேசியது. தும்பறை மலைத்தொடரை, மடக்கிய கைமுட்டியின் கணுக்கள்போல் தெரிகிறதென்று ‘நக்கிள்ஸ்’ என்றார்கள் ஆங்கிலேயர். அந்தப் பெயரே இன்று வரைபடத்தில் நிற்கிறது. பூண்டுலோயாவின் டன்சினேன், ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வரும் ஸ்கொட்லாந்து மலை. அக்கரபத்தனையின் வேவர்லி, சேர் வோல்டர் ஸ்கொட் எழுதிய நாவல். புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயர் ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பத்தினுடையது. அந்தக் குடும்பத்தின் உறவினரான வோர்ம்ஸ் சகோதரர்கள் 1840களில் அங்கே கோப்பி பயிரிட்டார்கள். வீட்டு ஏக்கம் பிடித்த வாலிபர்கள் தம் ஊர்ப் பெயர்களை இங்கே நட்டுவைத்தார்கள் என்பது மாணவர்களின் முடிவு. எமது முன்னோருக்கும் அந்த ஏக்கம் இருந்தது. அவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் அந்தோனியாரையும் கொண்டுவந்து நட்டார்கள். அவை வரைபடத்தில் இல்லை.

மஹியாவையில் ஒரு சண்டை

கண்டியின் பழைய கல்லறைகளைத் தேடிப் போனவர்களே அதிகம் கண்டுவந்தார்கள். தலதா மாளிகைக்குப் பின்புறம் மேட்டில் உள்ள இராணுவக் கல்லறையில், 1815 ஒப்பந்தத்தின் பின்னணியில் நின்று காரியம் பார்த்த சேர் ஜோன் டொயிலி இருக்கிறார். 1824 இல் இறந்தவர். வோட்டர்லூ போரில் தப்பி வந்து இங்கே காய்ச்சலில் மாண்ட ஒருவர், யானை மிதித்து இறந்த ஒருவர், வீடு இடிந்து விழுந்து இறந்த ஒருவர் என்று கதைகள். பெரும்பாலானோர் இளவயதினர். “பாவம் பாதர், இவனுகளும் சின்னப் பயலுகதான்” என்று ஒரு மாணவன் சொன்னதைக் கேட்க எமக்கு மகிழ்ச்சி. எதிரியின் கல்லறையில் வயதைப் படிக்கத் தெரிவது கல்வியின் ஓர் அடையாளம்.

மஹியாவைப் பொது மயானத்தில்தான் சண்டை மூண்டது. அங்கே ஜேம்ஸ் டெயிலர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஸ்கொட்லாந்தில் 1835 இல் பிறந்து, 1852 இல் பதினாறு வயதில் இலங்கைக்கு வந்தவர். ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடம் கழித்து, 1869 இல், கோப்பி இலையில் பூஞ்சண நோய் கண்டு, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தபோது, இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியது அந்தத் தேயிலையே. அவர் திருமணம் செய்யவில்லை, நாட்டுக்கும் திரும்பிப் போகவில்லை. நாற்பது வருடம் ஒரே தோட்டத்தில் இருந்தார். கடைசியில் தோட்ட நிர்வாகமே அவரை விலகிப் போகச் சொன்னது. அவர் போக மறுத்தார். 1892 மே மாதம் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். தொழிலாளர் இரு அணியாக மாறி மாறித் தோள்கொடுத்து, அந்தக் கனத்த உடலை மலையில் இருந்து கண்டிவரை சுமந்து வந்தார்கள். அவரைச் ‘சாமி துரை’ என்று அழைத்தார்கள் என்பது வழிவழி வந்த பேச்சு. (எம்மையும் தோட்டங்களில் ‘சாமி’ என்றே அழைக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம்.)

ஒரு குழுவினர் பூ கொண்டுபோயிருந்தார்கள். கல்லறையில் வைக்கப் போனபோது அதே குழுவைச் சேர்ந்த ஒரு பெண் தடுத்தாள். “இவருக்குக் கல்லு இருக்கு, பேரு இருக்கு, என்ன செஞ்சாருன்னு எழுதியும் இருக்கு. இவரத் தூக்கிட்டு வந்தவங்களுக்கு எங்க இருக்கு?” என்பது அவள் கேள்வி. அவரையும் கடைசியில் போகச் சொன்னார்களே, அவரும் கம்பனியின் வேலையாள்தானே என்றான் ஒரு பையன். “போகச் சொன்னப்ப அவரு போகல. எங்க தாத்தாவ 1970ல கப்பலேத்தினப்ப அவரால போக மாட்டேன்னு சொல்ல முடிஞ்சுதா?” என்றாள் அவள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 இல் இலட்சக்கணக்கான எம்மவரை இரு நாடுகளும் பங்குபோட்டுக் கொண்ட கதை, பாடப்புத்தகத்தில் இருந்து அல்லாமல் குடும்பத்தில் இருந்து வந்தது. பூ அன்று கல்லறையில் வைக்கப்படவில்லை. திரும்பும் வழியில் அதை மயானக் காவலாளியின் மேசைமேல் வைத்துவிட்டார்களாம்.

இந்தச் சண்டையை அவர்கள் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இருவர் டெயிலருக்காகவும் இருவர் எதிராகவும் ஆங்கிலத்தில் வாதாடினார்கள். யார் வென்றார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் மறுத்துவிட்டோம்.

மடுல்கலையின் சின்னத்துரை

மடுல்கலையில் இருந்து வரும் மாணவர்களுக்கு, தம் ஊரில் இருந்து கிளம்பிய ஒரு வழக்கு சட்டப் புத்தகங்களில் இருப்பது தெரிந்திருக்கவில்லை. அது மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்ற வாலிபரின் வழக்கு. லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936 இல் மடுல்கலையில் உள்ள றெலுகாஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்தார். லயங்களையும் தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தையும் கண்டு பொறுக்காமல் அவர்கள் பக்கம் பேசினார். வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியினரோடு சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் மேடையேறித் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளைக்காரன் ஒருவனே வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பேசியது தோட்டத்துரைமாரை எப்படிக் கலக்கியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார். அவர் தலைமறைவானார். பின்னர் காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்தின் முன் மேடையில் தோன்றினார். கைது செய்யப்பட்டதும் ஆட்கொணர் மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எச்.வி. பெரேரா அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம், அவசர நிலைமை எதுவும் இல்லாதபோது ஆளுநர் இஷ்டப்படி ஒருவரை நாடுகடத்த முடியாது என்று தீர்த்து அவரை விடுவித்தது.

இதைப் பேசிய குழு பிரித்தானியக் கலாசாரம் என்ற தலைப்பின் கீழ் மூன்று பேரை நிறுத்தியது: லயத்தைக் கட்டிய வெள்ளையர், லயத்தைக் கண்டு கோபித்த வெள்ளையர், ஆளுநரைவிடச் சட்டம் பெரிதென்று சொன்ன வெள்ளையர். மூன்றும் ஒரே நாட்டின் பண்பாடு. நல்ல பகுப்பு. ஆனால் அவர்கள் அங்கே நின்றிருந்தால் கதை பாதியில் நின்றிருக்கும். ஒரு மாணவி தொடர்ந்தாள்.

சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. அதைத் தொடர்ந்து வாக்காளர் இடாப்பில் இருந்து பெயர்கள் நீக்கப்பட்டன. றுவன்வெலத் தொகுதியைச் சேர்ந்த கோடாக்கன் பிள்ளை என்பவர் வழக்குத் தொடுத்தார். எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் செய்யக்கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சொல்கிறதே என்பது அவர் வாதம். வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. 1953 இல் அங்கிருந்த பிரபுக்கள், இது பிரசாவுரிமை பற்றிய சட்டம், ஒரு சமூகத்துக்கு எதிரான சட்டமல்ல என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள். பதினாறு வருட இடைவெளியில் ஒரே சட்ட மரபு. மடுல்கலைத் துரையை அது காப்பாற்றியது, றுவன்வெல வாக்காளரைக் கைவிட்டது. “ஏன் பாதர்?” என்று அவள் மேடையில் இருந்தே தமிழில் கேட்டாள். வகுப்பு எம்மைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் தனிமனித சுதந்திரத்தைக் கேட்டார், மற்றவர் ஒரு மக்கள் கூட்டத்தின் இடத்தைக் கேட்டார், முன்னதைக் கொடுப்பது அதிகாரத்துக்கு இலகு என்று சொன்னோம். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. 2003 இல் வந்த சட்டத்தின் பின்னரே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. அதாவது அவள் பிறப்பதற்குச் சற்று முன்னர்.

கண்டியில் ஏது அமெரிக்கா?

அமெரிக்காவைத் தேடியவர்கள் முதலில் திணறினார்கள். பின்னர் தேயிலையே வழிகாட்டியது. 1773 டிசம்பரில் பொஸ்டன் துறைமுகத்தில் வரியை எதிர்த்துக் கப்பலில் இருந்து கடலில் கொட்டப்பட்டது 342 பெட்டித் தேயிலை, ஏறத்தாழ 92,000 இறாத்தல். சீனத் தேயிலை அது, எங்கள் தேயிலை அல்ல. அமெரிக்கப் பிள்ளைகள் இதைத் தம் சுதந்திரத்தின் முதல் அத்தியாயமாகப் படிக்கிறார்கள். எமது மாணவன் ஒருவன் வேறு விதமாகப் படித்தான். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து, ஒரு பெண் நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ எடுக்கிறாள் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், கொட்டியது ஏறக்குறைய பத்தாயிரம் பேர். வருடத்துக்கு முந்நூறு நாள் மலைக்குப் போனாலும் ஒரு பெண் முப்பது வருடத்துக்கு மேல் எடுக்க வேண்டிய கொழுந்து. பின்வரிசையில் இருந்த தாய்மார் சிரித்தார்கள். ஒரு தாய், “நல்லதுக்குத்தான் கொட்டியிருப்பாங்க. ஆனா கேக்கக் கை வலிக்குது” என்றார்.

அடுத்த அமெரிக்கா, சமையலறையில் அகப்பட்டது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ மா, 1973 இல் கெயர் நிறுவனத்தின் ஊடாக அமெரிக்க உதவியோடு தொடங்கிய திட்டம். இந்த மாணவர்களுள் அதை உண்ணாமல் வளர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. கிண்ணத்தில் இருந்த அமெரிக்காவை யாரும் அமெரிக்கா என்று நினைக்கவில்லை. உதவி வாங்கியோரும் உதவி தந்தோரும் ஒருவரை ஒருவர் அறியாமலே இருக்க முடியும் என்பது அபிவிருத்தி வேலையில் இருக்கும் நாமெல்லாம் யோசிக்க வேண்டிய விடயம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944 இல், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் வந்தது. அமெரிக்க உளவுப் பிரிவும் கூடவே வந்தது. அதன் கோப்புகளைப் பராமரித்த ஜூலியா மக்வில்லியம்ஸ், பின்னாளில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் அறிந்த சமையல் ஆசிரியையானார். கண்டியில்தான் தம் வருங்காலக் கணவருடன் நெருங்கிப் பழகினார். சுவையான செய்தி, அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

ஓல்கொட் கதையில் நிறைய இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கேணலாக இருந்த ஹென்றி ஸ்டீல் ஓல்கொட், 1880 இல் காலியில் வந்திறங்கிப் பஞ்சசீலம் எடுத்துக்கொண்டு, நாடெங்கும் பௌத்த பாடசாலைகள் எழக் காரணமானார். கண்டி தர்மராஜக் கல்லூரி 1887 இல் அந்த அலையில் தோன்றியது. அதே ஓல்கொட் சென்னை அடையாறில் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1894 இல் இலவசப் பள்ளி தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் புறப்பட்டு வந்ததும் பெரும்பாலும் அத்தகைய சேரிகளில் இருந்துதான். எமது குருமாருக்கு ஓல்கொட் பெயர் ஒருகாலத்தில் அவ்வளவு உவப்பாக இருந்ததில்லை. மிஷன் பாடசாலைகளுக்குப் போட்டியாக வந்தவர் அல்லவா? நாம் தாராளமாகவே கைதட்டினோம்.

யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த ஒரு மாணவி, மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய சாமுவேல் கிறீனைப் பற்றிப் பேசினாள். 1847 இல் வந்த அந்த அமெரிக்க மருத்துவர் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். தம் மாணவர்கள் மேல்நாட்டு உடைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. இதைச் சொன்னபோது, முதல் சுற்றில் டை கட்டியவர்களைப் பார்த்து வகுப்பு சிரித்தது. இரண்டாம் சுற்றில் யாரும் டை கட்டவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நாம் தடுக்கவில்லை.

கறுப்பின மக்களைப் பற்றிய சமர்ப்பணம் கடைசியாக வந்தது. 1955 இல் மொண்ட்கொமரி நகரில் பஸ் ஆசனத்தை விட்டு எழ மறுத்த றோசா பார்க்ஸ், 1965 இல் வந்த வாக்குரிமைச் சட்டம் என்று தொடங்கி, ஹவார்ட் தேர்மனிடம் வந்தார்கள். அடிமையாக இருந்த பாட்டியின் கைகளில் வளர்ந்த இந்தக் கறுப்பின இறையியலாளர் 1935 இல் இலங்கைக்கு வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்தபின் ஒருவர் அவரிடம் கேட்டாராம்: உம் மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி அடிமையாக்கியவர்கள் கிறிஸ்தவர்கள், நீர் எப்படி அவர்களது மதத்தின் பேரால் இங்கே வந்து நிற்கிறீர்? தேர்மன் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்கும் இயேசுவுக்கும் உள்ள உறவு பற்றி 1949 இல் அவர் எழுதிய நூல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஊக்கமளித்த நூல்களுள் ஒன்றாயிற்று.

அந்தக் கேள்வி எமக்கும் உரியது. கண்டிப் பகுதித் தோட்டங்களுக்காக 1854 இல் தொடங்கிய அங்கிலிக்கன் மறைப்பணியின் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. துரைமாரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். எமது சபைகளின் கணக்கும் அதைவிடச் சுத்தமானதென்று சொல்ல முடியாது. இந்தக் குழுவில் இந்துப் பிள்ளைகள் மூவர் இருந்தனர். அவர்கள் எம் முகத்தைப் பார்த்துத் தயங்காமல் இதைப் பேசியதே அன்றைய நாளின் மிக நல்ல ஆங்கிலம்.

பெற்றோர் சிலர் திருப்தியடையவில்லை. “சாமி, இங்கிலீசு படிக்கத்தானே அனுப்புனோம். லயத்தப் பத்திப் பேசவா அனுப்புனோம்? அத நாங்களே சொல்லிக் குடுப்போமே” என்று ஒரு தகப்பன் சொன்னார். ஹோட்டல் நேர்முகத்தில் பிரேஸ்கேர்டலைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை என்பது உண்மை. இரண்டு மாணவர்கள் வகுப்பைவிட்டு, நேர்முகத்துக்கு மட்டும் பயிற்சி தரும் ஒரு நகர வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களை வாழ்த்தியே அனுப்பினோம். ஆனால் தகப்பனுக்கு ஒன்றைச் சொன்னோம். வட்டகொடையில் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனவர், தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தமது கவிதையை ஆங்கிலத்தில்தான் எழுதினார். சக்தி பால ஐயா அதைத் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் முதலில் பேசப்பட்டது லயம்தான் ஐயா, மற்றதெல்லாம் பிறகு. அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, மரியாதைக்கு ஆட்டினாரா என்று தெரியாது. மகள் தொடர்ந்து வருகிறாள்.

மஹியாவையில் பூ வைக்க விடாத அந்தப் பெண்ணும் அவளது குழுவினரும் இப்போது வேறொரு வேலையில் இருக்கிறார்கள். தம் தோட்டத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் பாதிக்கு மேல் தேயிலை நட்டாகிவிட்டது. தோட்டக் கந்தோரில் பழைய செக்ரோல் புத்தகங்களைக் கேட்டார்கள், கறையான் தின்றுவிட்டதாகப் பதில் கிடைத்தது. எனவே பின்னேரங்களில் லயம் லயமாகப் போய் முதியோரிடம் கேட்கிறார்கள்: யார் யாரை அங்கே புதைத்தீர்கள், எந்த ஊரில் இருந்து வந்தவர், எந்த மலையில் வேலை செய்தார், எப்படி இறந்தார். ஒரு பக்கம் தமிழில், எதிர்ப்பக்கம் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நூற்றறுபது பக்கக் கொப்பியில் பாதி முடிந்துவிட்டது. சில இடங்களில் பெயர் இல்லை, ‘முத்தம்மாவின் கைப்பிள்ளை, மூன்று நாள்’ என்று மட்டும் இருக்கிறது. ‘கைப்பிள்ளை’ என்பதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் எது என்று போன சனிக்கிழமை வகுப்பில் அரைமணி நேரம் பேசினார்கள். இன்னும் முடிவாகவில்லை.